சாய்வுத் தொட்டி

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். கப்பல் வரைகிறவர்களுக்கு எழுத்தும் முத்து முத்தாக இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கோடு வேறு, எழுத்து வேறு. அதனால்தான் விசாரணைக்கு எழுதித் தரச் சொன்னபோது வேண்டாம், வாயால் சொல்கிறேன், நீங்கள் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றேன். நிதானமாகவே சொல்கிறேன். இடையில் நிறுத்திக் கேட்க வேண்டியது இருந்தால் கேளுங்கள், எனக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. அந்த ஹீட்டரை மட்டும் யாராவது கொஞ்சம் தணித்தால் நன்றாக இருக்கும். குளிரிலேயே வேலை பார்த்துப் பழகிய உடம்பு இது.

நீங்கள் கேட்க வந்தது கப்பலைப் பற்றி. அது ஏன் கவிழ்ந்தது என்று. அதற்கு முன்னால் அது என்ன மாதிரியான கப்பல் என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

உறைந்த கடலை உடைக்கிற கப்பல் கத்திபோல வெட்டிக்கொண்டு போகும் என்றுதான் எல்லோரும் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. அதன் மூக்கு கரண்டி மாதிரி வளைந்திருக்கும். பனிப்பாளத்தின் மேல் ஏறி உட்காரும். கனம் தாங்காமல் பாளம் விரிசல் விடும். பிறகு அடுத்த பாளம். பருத்த மனிதர் ஒருவர் பழைய நாற்காலியாகப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்துகொண்டே போவதைப்போல என்று, வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வேன். சிரிப்பார்கள். அப்படி ஏறி உட்கார வேண்டுமானால் அடிவயிறு உருண்டையாக இருக்க வேண்டும். உருண்டை வயிற்றுக் கப்பல் பனிக்குள் அசையாமல் நிற்கும். திறந்த கடலுக்கு வந்தால் தொட்டில் மாதிரி ஆடும். அதை ஓட்டுகிறவர்கள் சாப்பிட்டது வயிற்றில் நிற்காமல் என்னைத் திட்டுவது எனக்குத் தெரியும். அதைத் தவிர்க்க வழி இல்லை.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஒரு குளிர்காலத்தில் அவன் கப்பல் துறைமுகத்துக்கு வருகிற வழியில் பனியில் சிக்கியது. சிக்குவது பெரிய விஷயம் இல்லை. ஆனால் காற்று திரும்பி, பாளங்கள் இரண்டு பக்கமும் நெருக்க ஆரம்பித்தன. கப்பலின் இடுப்பு நசுங்கியது. இன்ஜின் அறையில் தண்ணீர் ஏறியது. எங்கள் துறைமுகத்தில் அப்போது இரண்டு கப்பல்கள் இருந்தன. ஒன்று பனி உடைக்கிற கப்பல். அது போனது, பக்கத்திலேயே போய் நின்றது. மேல்தளத்தில் இருந்தவர்கள் ஏணி போட்டு அதில் ஏறிக்கொண்டார்கள். தம்பியும் அவன் ஆட்களும் கீழே இருந்தார்கள். நெளிந்துபோன கதவு திறக்கவில்லை. வந்து நின்ற கப்பலில் தண்ணீரை இறைக்கப் பெரிய பம்பு இல்லை, இரும்பை அறுக்கிற முக்குளிப்பவர்கள் இல்லை, கட்டி இழுக்க வின்ச்சும் இல்லை. இன்னொன்று மீட்புக் கப்பல். அதில் எல்லாமே இருந்தது. ஆனால் பனிக்குள் நுழைய முடியாமல் துறைமுக வாயிலிலேயே நின்றது. வரத் தெரிந்ததற்கு உதவத் தெரியவில்லை, உதவத் தெரிந்ததற்கு வரத் தெரியவில்லை.

இன்ஜின் அறைத் தொலைபேசி வேலை செய்துகொண்டிருந்தது. அதை வயர்லெஸ்ஸோடு இணைத்து, துறைமுக அலுவலகத்தில் என்னையும் என் தங்கையையும் அவனோடு பேசவைத்தார்கள்.

"அக்கா, கப்பல் வந்துருச்சுன்னு சொல்றாங்க. பக்கத்துலயே நிக்குதாம்," என்றான். "ஆனா ஒண்ணும் பண்ண மாட்டேங்குதே."

இன்னொன்று வரும்டா என்று சொன்னேன். சிறிது நேரத்தில் இரைச்சல் மட்டும் கேட்டது. தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவள் நகம் பதிந்த தடம் மறைய வெகுநாள் ஆயிற்று.

அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கப்பலை ஏன் வரைந்தேன் என்பதற்காகச் சொல்கிறேன். பனியையும் உடைக்க வேண்டும், போன இடத்தில் எல்லாமும் செய்ய வேண்டும். தீ அணைக்கும், தண்ணீர் இறைக்கும், ஆளை ஏற்றும், முக்குளிப்பவரை இறக்கும், முடங்கிய கப்பலைக் கட்டி இழுத்து வரும். ஒரே உடம்பில் எல்லாம். யானைக்கும் பூனைக்கும் சேர்த்து ஒரே சட்டை தைக்கிற வேலை இது என்று மேலிடத்தில் சிரித்தார்கள். நான் பொறுமைசாலி. சிரித்தவர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள், நான் இருந்தேன். கடைசியில் அனுமதி கிடைத்தது.

அனுமதி கிடைத்ததும் ஆளாளுக்கு வந்தார்கள். தீயணைப்பாளர்கள் தண்ணீர் பீரங்கிகளை உச்சியில் வைக்கச் சொன்னார்கள், அப்போதுதான் தூரம் போகுமாம். முக்குளிப்பவர்களுக்குத் தளத்தின் நடுவே இறங்கு குழி வேண்டும், ஆழத்திலிருந்து ஏறி வந்ததும் உடம்பைப் பழக்கிக்கொள்ள அழுத்த அறை வேண்டும். டாக்டருக்கு ஆறு கட்டில். கேப்டனுக்குக் கப்பலின் பின்பக்கம் பெரிய வின்ச், அதைவிடப் பெரிய கிரேன். குடும்பமாக ஊருக்குக் கிளம்புகிற வேன் மாதிரி, யாரும் தங்கள் மூட்டையை விட்டுவிட்டு வரத் தயாராக இல்லை. நான் எல்லாவற்றையும் ஏற்றினேன். யாருடைய மூட்டையை இறக்குவது? தம்பி இருந்த அறைக்குள் எது தேவைப்பட்டிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சாய்வுத் தொட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதுதான் முக்கியம். பனியில் இறுகிப்போன கப்பல் தன்னைத்தானே விடுவித்துக்கொள்ள ஒரு ஏற்பாடு. இரண்டு பக்கமும் ஆளுயரத்தைப்போலப் பல மடங்கு ஆழமான தொட்டிகள். ஒன்று நிறைந்திருக்கும், மற்றது காலி. நடுவே பெரிய பம்பு. ஓடவிட்டால் தண்ணீர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பாயும். கப்பல் ஒரு தோளைச் சாய்க்கும், பிறகு மறு தோளை. நெரிசலில் மாட்டிக்கொண்டவர் தோளை உலுக்கி வெளியே வருகிற மாதிரி. நான் வரைந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

எடைக் கணக்கும் நிலைத்தன்மைக் கணக்கும் பார்த்தது என் தங்கையின் கணவர். வரைபடக்கூடத்தில் என்னை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். அதே முறையில் அவர் எல்லோருக்கும் மாப்பிள்ளை ஆகிவிட்டார். எங்கள் வீட்டு மாடியில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். என் சமையலறைக் குழாய் ஒழுகினால் கூப்பிடாமலேயே இறங்கி வந்து சரிசெய்துவிட்டுப் போவார். சாப்பாட்டை அவ்வளவு மெதுவாக மெல்லுகிறவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. தங்கை அவரைத் தட்டோடு விட்டுவிட்டுப் பாத்திரமெல்லாம் கழுவி முடித்து வருவாள், அவர் இன்னும் பாதியில் இருப்பார். கணக்கிலும் அப்படித்தான். ஒரு கப்பலில் அடிக்கிற பெயின்ட்டின் எடையைக்கூட விடமாட்டார். "பெயின்ட்டு என்ன காத்தாக்கா? அதையும் கப்பல்தானே சுமக்குது," என்பார். அவரைப்போல ஒரு கணக்காளர் கிடைப்பது அபூர்வம். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

கப்பல் தண்ணீரில் இறக்கப்பட்டு, கரையோரம் கட்டப்பட்டு, உள்வேலைகள் நடந்துகொண்டிருந்த சமயம் அவர் என்னைக் கைகழுவும் இடத்துக்குக் கூப்பிட்டார். தொட்டியை அடைத்துத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். அதில் அவருடைய சாப்பாட்டு டப்பா மிதந்துகொண்டிருந்தது.

"இதான் நம்ம கப்பல்னு வச்சுக்குங்க," என்றார். மூடியின் மேல் நனைந்த துணி ஒன்றை மடித்து வைத்தார். "கடல் தண்ணி தெறிச்சு மேல உறைஞ்சு போச்சு." டப்பா கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது. பக்கவாட்டில் ஒரு நூலைக் கட்டி மெல்ல இழுத்தார். "பின்னால ஒரு கப்பலை இழுக்கறோம், அது ஒரு பக்கமா ஒதுங்குது." டப்பா சாய்ந்தது, ஆனால் நின்றது. பிறகு துணியைத் தூக்கி, மூடியைத் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே ஊற்றி, மறுபடி மூடித் துணியை வைத்து நூலை இழுத்தார். "இப்ப சாய்வுத் தொட்டி ஓடுது. உள்ள தண்ணி அலையுது."

டப்பா குப்புறக் கவிழ்ந்தது. சத்தமே இல்லை.

"மூணும் ஒண்ணா வந்தாத்தானே," என்றேன். "அது எப்ப வரப்போகுது மாப்பிள்ளை?"

அவர் டப்பாவை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நம்மளைக் கூப்பிடற அன்னைக்கு வரும் அக்கா. வேற எந்த நாளும் நம்மளைக் கூப்பிட மாட்டாங்களே."

அவர் சொன்னது சரி. அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குப் புரியவில்லை என்று யாராவது எழுதிவிடக் கூடாது. அவர் இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, கப்பலைத் திரும்பத் தண்ணீரிலிருந்து உலர்துறைக்கு ஏற்றி, இடுப்பின் இரு பக்கமும் தகடு வைத்து அகலப்படுத்துவது. இரண்டு குளிர்காலம் போய்விடும், பனிக்குள் போகிற வேகமும் பாதியாகும். இன்னொன்று, கேப்டனிடம் சொல்லிவிடுவது: எதையாவது இழுத்துக்கொண்டிருக்கும்போது சாய்வுத் தொட்டியைத் தொடாதே.

"ஒரே ஒரு வரிதான் அக்கா. எழுதி ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டிட்டாப் போதும்."

அவருக்கு அது ஒரு வரி. யோசித்துப் பாருங்கள். இழுக்கிறபோது உலுக்கக் கூடாது, உலுக்குகிறபோது இழுக்கக் கூடாது என்றால், அது மறுபடியும் இரண்டு கப்பல்தானே? வரும், ஆனால் உதவாது. அதைத்தானே நான் இத்தனை காலம் இல்லாமல் செய்ய நினைத்தேன்? சிரித்துவிட்டுப் போனவர்கள் எல்லோரும் சரி, நான் மட்டும் தவறு என்று ஆகும். அந்த வரியைக் கப்பலுக்குள் ஒட்டவிடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

நான் அவரோடு சண்டை போடவில்லை. எனக்குச் சட்டென்று கோபம் வராது. சில நாள் யோசிக்கிறேன் என்றேன். அவர் சரியென்று காத்திருந்தார். மாடியில் இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், போனேன். தங்கை எனக்குப் பிடித்ததைச் செய்திருந்தாள். சாப்பிட்டு முடிக்கிற சமயம் அவர், திங்கட்கிழமைக் கூட்டத்துக்குக் கேப்டன் வருகிறார், நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீங்க சொல்லுங்கக்கா. உங்க வாயால வந்தாத்தான் நல்லாருக்கும்," என்றார்.

தொட்டிக்குள் தண்ணீர் அலைவதைக் குறைக்கத் தடுப்புத் தகடுகள் உண்டு; அவை நான் வரைந்ததைவிட நெருக்கமாக வைக்கப்பட்டிருக்கலாம், அப்படி இருந்தால் கணக்கு மாறும், முதலில் இறங்கி அளந்துவிடுவோம் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கணக்கு மாறினால் அவரைவிடச் சந்தோஷப்படுகிறவர் இருக்க முடியாது.

மறுநாள் மதிய உணவு வேளையில் போனோம். தளத்தில் யாரும் இல்லை. பிற்பகலில் சாய்வுத் தொட்டிக்கு முதல் சோதனை ஓட்டம் இருந்தது. அதற்காக எல்லா மூடிகளையும் மூடிவிடச் சொல்லிப் போர்மேன் காலையிலேயே ஆட்களிடம் உத்தரவிட்டிருந்தார். காலித் தொட்டியின் மூடியைத் திறந்தோம். உள்ளே இறங்குகிறவர் தன் பெயர் வில்லையை மூடிக்குப் பக்கத்திலுள்ள கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அவர் மாட்டினார். கம்பிகளில் சிக்கும் என்று கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஒருவர் உள்ளே இறங்கினால் இன்னொருவர் வாசலில் காவல் நிற்க வேண்டும் என்பதும் விதி. நான் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து அவர் குரல் வந்தது. தொட்டிக்குள் எல்லாக் குரலும் பெரிதாகக் கேட்கும்.

"அக்கா, நெருக்கமா இல்ல. இன்னும் சந்து விட்டுத்தான் வச்சிருக்காங்க. நான் போட்டதைவிட மோசமாத்தான் வரும் போலிருக்கு."

"சரி மாப்பிள்ளை," என்றேன். "அந்தக் கோடி வரைக்கும் அளந்துட்டு வாங்க."

தகடுகள் நெருக்கமாக இருந்திருந்தால் நான் மூடியிருக்க மாட்டேன். அந்த வாய்ப்பை நான் அவருக்குக் கொடுத்தேன். நேர்மையாகத்தான் கொடுத்தேன். வேறு வழியே இல்லை என்று உங்களிடம் சொல்லமாட்டேன், வழிகள் இருந்தன. இருந்த வழிகளில் கப்பலுக்குச் சேதம் இல்லாதது இதுதான். மூடியைப் போட்டு நட்டுகளை முறுக்கினேன். பெயர் வில்லையைக் கொக்கியிலிருந்து எடுத்து அவர் கோட்டுப் பையில் வைத்தேன். கோட்டை வரைபடக்கூடத்துக்குக் கொண்டுபோய் அவர் நாற்காலியில் மாட்டிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, சோதனைக்குத் திரும்பி வந்தேன்.

சாப்பாடு முடித்து ஆட்கள் கரையில் கூடியிருந்தார்கள். போர்மேன் பம்பு விசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"உள்ள யாரும் இல்லையேக்கா?"

"பாத்துட்டுத்தான் வர்றேன், கொக்கி காலியாத்தான் இருக்கு. ஆரம்பிங்க."

அவர் விசையை அழுத்தினார். கட்டியிருந்த வடங்கள் முறுகின. கப்பல் மெதுவாக ஒரு தோளைச் சாய்த்தது. கரையில் விசிலடித்தார்கள், கை தட்டினார்கள். நான் வரைந்ததைவிடச் சற்று விரைவாகவே சாய்ந்தது. பார்க்க நன்றாக இருந்தது.

சத்தம் கேட்டதா என்று கேட்பீர்கள். கேட்டது. தளத்துக்கு அடியிலிருந்து யாரோ தட்டுவதுபோல, முதலில் சீராக, பிறகு சீர் இல்லாமல். போர்மேனும் கேட்டார். "வால்வு அடிக்குது போலிருக்கு. நிறுத்திப் பாத்துடலாமா?" என்றார்.

"தானா சரியாயிடும்," என்றேன். சரியாகிவிட்டது.

அவரை அன்று சாயங்காலம்தான் தேட ஆரம்பித்தார்கள். கோட்டில் வில்லை இருந்தது. இரவு தொட்டியை இறைத்துக் காலி செய்தபோது உள்ளே கிடந்தார். மாட்ட மறந்துவிட்டு இறங்கியிருக்கிறார், மூடச் சொன்ன உத்தரவுப்படி யாரோ மூடியிருக்கிறார்கள் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவுக்கு வந்தார்கள். நான் எதையும் யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூடியது யார் என்று ஒவ்வொரு ஆளாகக் கேட்டார்கள். பாவம், பலருக்குத் தாங்கள் மூடவில்லை என்பதே உறுதியாகத் தெரியவில்லை.

போர்மேன் எங்கள் வீட்டு மாடிக்கு வந்து தங்கையின் காலடியில் உட்கார்ந்து அழுதார். "நான்தாம்மா அமுக்கினேன். இந்தக் கைதான்," என்று கையைக் காட்டினார். அதன் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. நல்ல தொழிலாளி. அவர் மேல் தவறு இல்லை என்று இப்போதாவது நீங்கள் ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள். நானே சொல்லியிருக்கலாம், வேலை நெருக்கடியில் விட்டுப்போயிற்று.

தங்கைக்குத்தான் மனது ஆறவில்லை. "அவரு வில்லையை மறக்கற ஆளே இல்லைக்கா. வீட்டைப் பூட்டிட்டுத் திரும்ப வந்து இழுத்துப் பாக்கற மனுஷன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். துக்கத்தில் அப்படித்தான் தோன்றும் என்று நான் சொன்னேன். பல ராத்திரி அவளுக்குத் துணையாக மாடியில் படுத்திருந்தேன். ஒரு நாளும் அவளைத் தனியாக விடவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது இல்லை, ஆனால் உண்மை.

திங்கட்கிழமைக் கூட்டம் தள்ளிப்போய்ப் பிறகு நடந்தது. கேப்டன் கேட்டார். கெட்டிக்கார மனிதர், கேட்க வேண்டியதைச் சரியாகவே கேட்டார்.

"இழுத்துக்கிட்டிருக்கும்போது தொட்டியை ஓட விடலாமா மேடம்?"

"விடலாம். அதுக்காகத்தானே கட்டியிருக்கு," என்றேன்.

முதல் குளிர்காலத்தில் கப்பல் என்னென்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். பனியில் மாட்டிய மீன்பிடிப் படகுகளை மீட்டது. பாறையில் ஏறி நின்ற எண்ணெய்க் கப்பலிலிருந்து ஒரு சொட்டு சிந்தாமல் எண்ணெயை இறைத்து எடுத்தது. ஒருவருக்குப் பிரசவம்கூட அதில் நடந்தது. வெளிநாடுகளிலிருந்து வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை பயந்த மூன்றும் ஒன்றாக வரவே இல்லை. அவர் கொஞ்சம் அதிகமாகவே கவலைப்படுகிறவர் என்று நான் நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

இந்தக் குளிர்காலம் அந்தப் பயணிகள் படகு வந்தது. புயல் நாள். ஒரு பக்கம் பனிவயல், மறுபக்கம் திறந்த கடல் எழுந்து எழுந்து அடிக்கிறது. படகு இரண்டுக்கும் நடுவே இன்ஜின் நின்றுபோய்க் கிடந்தது. துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள், வடிவமைத்தவர் பக்கத்தில் இருந்தால் கேப்டனுக்கு வசதி என்று. கப்பல் பனியை உடைத்துப் போனது. படகின் இன்ஜின் அறைத் தீயை அணைத்தது. பயணிகளை எல்லாம் கூடையில் இறக்கித் தன்னிடம் எடுத்துக்கொண்டது. கீழ்த்தளத்தில் கம்பளி போர்த்திச் சூடாகக் குடிக்கக் கொடுத்திருக்கிறோம் என்று கேப்டன் சொன்னபோது அந்த அறையில் எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கினார்கள். பிறகு காலிப் படகைக் கட்டி இழுக்க ஆரம்பித்தது. இழுத்துக்கொண்டு வருகிற வழியில் பாளங்கள் நெருக்கி, கப்பலே இறுகி நின்றது.

கேப்டன் என்னை மைக்குக்குக் கூப்பிட்டார்.

"மேல எல்லாம் ஐஸ் கட்டிப்போச்சு மேடம், ஆளுங்க கொத்திப் போட்டும் தீரல. ஒரு பக்கம் சாஞ்சா நிமிர்றதுக்கு யோசிக்குது. எனக்குப் பிடிக்கல. கயித்தை வெட்டிடறேன். ஆளுங்கதான் வந்தாச்சே, காலிப் படகுதானே."

அவர் சொன்னதில் ஒன்றும் தப்பு இல்லை. படகு போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அந்த அறையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் தெரியுமா? மேலிடத்திலிருந்து வந்தவர்கள். இதே மாதிரி இன்னும் இரண்டு கப்பல் கட்டலாமா என்று அன்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் தடவையாக எல்லா வேலையும் ஒரே நாளில் ஒரே கப்பல் செய்து முடிக்கப் போகிறது. பாதியில் வெட்டிவிட்டு வந்தால் என்ன பேசுவார்கள்?

"வெட்டாதீங்க. தொட்டியை ஓட விடுங்க, உலுக்கிட்டு வெளிய வந்துடும்," என்றேன்.

கேப்டன் மறுபடி கேட்டார்.

"கயிறு இருக்கும்போதா? தெளிவாச் சொல்லுங்க மேடம். ஓட விடலாமா?"

மாப்பிள்ளையின் சாப்பாட்டு டப்பா அப்போது என் ஞாபகத்துக்கு வந்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். நனைந்த துணி, நூல், டம்ளர் தண்ணீர், எல்லாம் வரிசையாக வந்தன.

"ஓட விடலாம்," என்றேன்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உள்ளே எத்தனை பேர் என்றும் தெரியும். நான் அந்த எண்ணைக் கேட்டுக்கொள்ளவில்லை. சத்தமே இல்லாமல் ரேடாரில் ஒரு புள்ளி இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். காலிப் படகு மட்டும் கரை ஒதுங்கியது என்று சொன்னார்கள்.

இப்போது நான் ஏன் வாய் திறக்கிறேன் என்று கேட்கிறீர்கள். நீங்கள் இதுவரை என்னைச் சந்தேகப்படவே இல்லை, பேசாமல் இருந்திருக்கலாம். உங்கள் அறிக்கைதான் காரணம். நிலைத்தன்மைக் கணக்குப் பார்த்தவர் இந்த ஆபத்தைக் கவனிக்கத் தவறிவிட்டார், அவர் இயல்பிலேயே கவனக்குறைவானவர், தொட்டிக்குள் அவர் இறந்த விதமே அதற்குச் சாட்சி என்று அதில் இருக்கிறது. என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. என் வரைபடக்கூடத்தில் கணக்குத் தப்பாகப் போட்டார்கள் என்று நாளைக்கு யாரும் படிக்கக் கூடாது. தெரியாமல் கட்டிய கப்பல் இல்லை அது. எல்லாம் தெரிந்து கட்டியது. அவரை மூடியவள் நான், கேப்டனுக்கு மைக்கில் சொன்னவளும் நான். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கவனக்குறைவு என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள்.

இன்று காலை நான் இங்கே வந்து காத்திருந்தபோது உங்கள் ஆட்கள் என் தங்கையை என்னிடம் அழைத்து வந்தார்கள். அறிக்கையைப் படித்துவிட்டு வந்திருந்தாள். ஊரே அவரைத் திட்டுகிறது, வாசலில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள் என்று அழுதாள். கப்பலில் செத்த இத்தனை பேரும் தன் வீட்டுக்காரர் கணக்கில்தான் செத்தார்களா என்று கேட்டாள். அவளை அந்த நிலையில் விட எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, உங்களிடம் சொன்ன அத்தனையையும் அவளிடம் முதலில் சொன்னேன். டப்பாவைப் பற்றி, மூடியைப் பற்றி, மைக்கைப் பற்றி.

அவள் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள். நான் தொடப் போனபோது கையை உதறினாள். நான் அவளை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

"உன் வீட்டுக்காரர் போட்ட கணக்கு ஒரு இம்மிகூடத் தப்பலடி," என்று சொன்னேன். "அவர் சொன்ன மாதிரியேதான் கவிழ்ந்தது." அதைக் கேட்டால் அவளுக்குப் பெருமையாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.